சாரம் கட்டிய உயர் நீதிமன்றம்: பழைய படத்தின் ஆண்டைக் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி: தாத்தாவின் பெட்டியில் அட்டையில் ஒட்டிய பழுப்பு நிறப் படம் கிடைத்தது. சாரம் கட்டிய பெரிய கட்டடம், அருகில் உயரமான ஒற்றைத் தூண். மெட்ராஸ் உயர் நீதிமன்றம் என்கிறார்கள். பின்பக்கம் பென்சிலில் 1860 என்று இருக்கிறது. நம்பலாமா?

பதில்: அந்த ஆண்டை நம்பாதீர்கள். உயர் நீதிமன்றத்துக்கு வேலை தொடங்கியதே 1888-ல்தான். 1892 ஜூலையில் திறந்துவிட்டார்கள். முடிந்த கட்டடம் என்றால் 'இதற்குப் பிறகு' என்று மட்டுமே சொல்ல முடியும். பாதி எழுந்த கட்டடமோ இரண்டு பக்கமும் எல்லை கட்டிவிடும். அதனால்தான் சாரம் தெரியும் படம் கிடைத்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்தத் தூண் 1844-ல் விளக்கேற்றிய பழைய கலங்கரை விளக்கமாக இருக்கலாம். இடத்தை உறுதி செய்ய அது உதவும். ஆனால் இன்றும் அங்கேயே நிற்பதால் ஆண்டைச் சொல்லாது.

ஒரு எச்சரிக்கை. பக்கத்துப் பழைய சட்டக் கல்லூரிக் கட்டடமும் அதே இந்தோ-சரசனிக் (இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பிய அம்சங்கள் கலந்த) பாணிதான். அது முடிந்தது 1899-ல். சாரத்துக்குப் பின்னால் உயர் நீதிமன்றக் கோபுரங்கள் முழுமையாகத் தெரிந்தால், நீங்கள் பார்ப்பது கல்லூரியை. தெருவில் டிராம் தண்டவாளம் இருக்கிறதா என்றும் பாருங்கள். மின்சார டிராம் ஓடத் தொடங்கியது 1895-ல்.

அப்புறம் உருப்பெருக்கி லென்ஸை எடுத்துச் சாரத்தின் மேல் நிற்கும் ஆட்களைப் பாருங்கள். 1860-ல் ஈரக் கண்ணாடித் தகட்டில் (ரசாயனம் பூசி, காய்வதற்குள் படம் எடுக்கும் தகடு) எடுத்த படமென்றால், சில நொடிகளாவது வெளிச்சம் விழ வேண்டும்; கூடை சுமந்து நடப்பவர் புகை மாதிரி கலைந்திருப்பார். 1880-களின் உலர் தகடுகள் வேகமானவை. ஆட்கள் தெளிவாக இருந்தால் அதுவும் 1860-க்கு எதிரான சாட்சிதான்.

காகிதத்தையும் கவனியுங்கள். லென்ஸில் நார் தெரிந்தால் அநேகமாக முட்டை வெண்கரு பூசிய ஆல்புமென் தாள். நார் மறைந்து, ஓரங்களில் வெள்ளி மினுக்கம் இருந்தால் அதற்குப் பின் வந்த ஜெலட்டின் தாள். ஸ்டுடியோக்கள் ஒரே கண்ணாடி நெகட்டிவிலிருந்து பல வருஷம் பிரதி போட்டு விற்றன. அதனால் காட்சியின் ஆண்டும் பிரதியின் ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

அட்டையில் ஸ்டுடியோ பெயரும் முகவரியும் இருந்தால், எழும்பூர் ஆவணக் காப்பகத்திலோ தரமணி ரோஜா முத்தையா நூலகத்திலோ பழைய மெட்ராஸ் டைரக்டரிகள் (அந்தக் கால முகவரிப் புத்தகங்கள்) கிடைக்குமா என்று விசாரித்து ஒப்பிடுங்கள்.

படத்தை அட்டையிலிருந்து உரிக்காதீர்கள், ஈரத்துணியால் துடைக்காதீர்கள், லேமினேட் செய்யவே கூடாது. முன்னும் பின்னும் ஸ்கேன் எடுத்துவிட்டு, அமிலமில்லாத தாளில் சுற்றி வையுங்கள்.