விறகு வெந்நீர்த் தொட்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டுப் பின்புறத்தில் நாலு பேர் உட்காரும்படி, விறகில் சூடாகும் வெந்நீர்த் தொட்டி ஒன்றை நானே கட்ட நினைக்கிறேன். எந்த அளவில் வைப்பது? தரை தாங்குமா?

உள்விட்டம் 1.8 மீட்டர், சுவர் உயரம் 80 செ.மீ. கொண்ட வட்டத் தொட்டி போதும். ஆள் இல்லாதபோது 60 செ.மீ. ஆழத்துக்குத் தண்ணீர் நிற்கட்டும். அதுவே சுமார் 1,500 லிட்டர், அதாவது ஒன்றரை டன். நாலு பேர் இறங்கினால் மட்டம் ஏறக்குறைய 11 செ.மீ. ஏறும், அவர்கள் வெளியே வந்ததும் அவ்வளவும் இறங்கிவிடும். இந்த 11 செ.மீ.யைக் குறித்து வையுங்கள். குழாய்க்குத் துளை போடும்போது இந்தக் கணக்கு வேண்டும்.

தொட்டி, தண்ணீர், ஆட்கள் எல்லாம் சேர்ந்து இரண்டு டன்னை நெருங்கும். வெறும் மண்ணில் வைத்தால் ஒரு பக்கமாக அமிழ்ந்து சாயும். மேல்மண்ணை வாரி எடுத்துவிட்டு, 10 செ.மீ. ஜல்லி பரப்பி, திமிசு போட்டு இறுக்கி, அதன்மேல் கம்பி கட்டி 10 செ.மீ. கான்கிரீட் போடுங்கள். ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகு, அதன்மேல் 30 செ.மீ. உயரத்துக்கு ஒரு மேடை கட்டி, தொட்டியை அதில் ஏற்றுங்கள். அடுப்பு கீழே, தொட்டி மேலே என்ற அமைப்புக்குத்தான் இந்த மேடை. மாடியிலோ மரத்தளத்திலோ வைப்பதாக இருந்தால் கட்டடப் பொறியாளரிடம் கேட்காமல் தொடவே வேண்டாம்.

பம்ப் இல்லாமலே தண்ணீர் தானாகச் சுற்றும் என்கிறார்கள். அதை எப்படி அமைப்பது?

இந்த வேலையின் உயிர்நாடியே இதுதான். தொட்டியை எதில் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். குழாய்ப் பாதை பிசகினால் எல்லாம் வீண்.

சூடான தண்ணீர் லேசாகி மேலே ஏறும். குளிர்ந்தது கனத்துக் கீழே இறங்கும். அடுப்புக்குள் ஒரு செப்புச் சுருளை நிறுத்தி, அதன் அடிமுனையைத் தொட்டியின் அடித்துளையோடும், மேல்முனையைத் தொட்டியின் மேல்துளையோடும் இணைத்துவிட்டால் தண்ணீர் தானே சுற்றத் தொடங்கும். அடித்துளை தொட்டியின் தரையிலிருந்து 10 செ.மீ. உயரத்திலும், மேல்துளை 48 செ.மீ. உயரத்திலும் இருக்கட்டும். ஆள் இல்லாத மட்டத்திலிருந்து 12 செ.மீ. கீழே மேல்துளை மூழ்கியிருக்கும். ஆட்கள் உள்ளே இருக்கும்போது தண்ணீரை அளந்து ஊற்றினால், அவர்கள் வெளியேறியதும் மட்டம் மேல்துளைவரை இறங்கி, சுற்று நின்றுவிடக்கூடும், அடுப்போ எரிந்துகொண்டே இருக்கும். மேலே சொன்ன 11 செ.மீ. கணக்கு இதற்காகத்தான்.

சுருளுக்கு 22 மி.மீ. மென்செப்புக் குழாய் 15 மீட்டர் வாங்குங்கள். 40 செ.மீ. விட்டத்தில் சுற்றினால் பன்னிரண்டு சுற்று வரும். வெறுங்குழாயை வளைத்தால் நசுங்கிவிடும். ஒரு முனையை அடைத்து, நன்றாகக் காய்ந்த சன்ன மணலை மறுமுனை வழியாகக் கொட்டி, குழாயைத் தட்டித் தட்டி இடைவெளி இல்லாமல் நிரப்பி, அந்த முனையையும் அடையுங்கள். பிறகு ஒரு பீப்பாயைச் சுற்றி, அவசரமில்லாமல் வளையுங்கள். முடிந்ததும் மணல் துளியும் மிஞ்சாதபடி தண்ணீர் விட்டு அலச வேண்டும்.

சுருளை நிற்க வைக்கும்போது ஒவ்வொரு சுற்றும் முந்தையதைவிட உயர்ந்தே போக வேண்டும். சுருளிலிருந்து மேல்துளைக்குப் போகும் குழாயும் அப்படியே: ஏறி, இறங்கி, மறுபடி ஏறினால் அந்த மேட்டில் காற்று தங்கி அடைத்துக்கொள்ளும். சுருளின் அடி தொட்டியின் அடித்துளையைவிடத் தாழ்ந்தும், உச்சி மேல்துளையைவிடத் தாழ்ந்தும் இருக்கட்டும். இணைப்புக் குழாய் எங்கேயும் 22 மி.மீ.க்குக் குறையக் கூடாது. 28 இருந்தால் இன்னும் நல்லது. அடுப்பைத் தொட்டியிலிருந்து ஒரு மீட்டருக்குள் வைத்து, இடையில் செங்கல் தடுப்பு கட்டுங்கள். இணைப்புகள் எதுவும் தீக்குள் வரக் கூடாது. வெந்நீர் வரும் பக்கம் பி.வி.சி. குழாய் இளகிவிடும், செம்பே போடுங்கள். மேல்துளையில் கை சுடும் அளவுக்குக் கொதிநீர் வரும் என்பதால் உள்பக்கம் ஒரு மரச்சட்டத் தடுப்பு அவசியம்.

அந்த இரண்டு குழாய்களிலும் வால்வு வைக்கலாமா? பழுது பார்க்க வசதியாக இருக்குமே.

கூடாது. மூடிய வால்வோடு யாராவது அடுப்பை மூட்டினால் சுருளுக்குள் தண்ணீர் ஆவியாகும். ஆவி 1,600 மடங்குக்கு மேல் விரியும். போக வழியில்லாவிட்டால் சுருள் வெடிக்கும். தொட்டியை வடிக்கத் தனியாக அடியில் ஒரு வால்வு வையுங்கள். சுற்றுப்பாதை எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். அதேபோல் தொட்டி நிரம்பி மேல்துளை மூழ்கிய பிறகுதான் தீக்குச்சியைத் தொட வேண்டும். தண்ணீர் இல்லாத சுருளில் தீ பட்டால் பற்றவைத்த இணைப்புகள் உருகி விட்டுப்போகும்.

அடுப்பு மூட்டி ஒரு மணி நேரமாகியும் தொட்டி சூடேறவில்லை. குழாய்க்குள் 'டொக் டொக்' என்று சத்தம் வேறு.

சுருளில் தண்ணீர் ஓடாமல் நின்ற இடத்திலேயே கொதிக்கிறது. முதலில் விறகு போடுவதை நிறுத்துங்கள். மேல்துளை தண்ணீருக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தொட்டியில் தண்ணீர் ஊற்றுங்கள். தீ அணைந்து ஆறிய பிறகு, அடித்துளை வழியாகத் தோட்டக் குழாயில் தண்ணீரை வேகமாகச் செலுத்தினால் தங்கிய காற்று குமிழியாக மேல்துளையில் வெளியேறும். அப்படியும் சரியாகாவிட்டால் குழாய் எங்கோ தொய்ந்திருக்கிறது, அல்லது வளைவில் நசுங்கியிருக்கிறது.

சரியாக ஓடும் அமைப்பில், தீ நன்றாகப் பிடித்த கால் மணிக்குள் மேல்குழாய் தொட முடியாமல் சுடும், கீழ்க்குழாய் குளிர்ந்தே இருக்கும். சத்தம் இல்லாமல் தொட்டி மட்டும் சூடேறாததுபோல் தோன்றினால், ஒரு துடுப்பால் கலக்கிப் பாருங்கள். வெந்நீர் மேலே மிதக்கும். கால் படும் இடம் பச்சைத் தண்ணீராகவே இருக்கும். கலக்காமல் வெப்பமானியை நம்ப முடியாது.

எவ்வளவு விறகு, எவ்வளவு நேரம்?

1,500 லிட்டரை 20 டிகிரியிலிருந்து 40 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுவர 35 யூனிட் (கிலோவாட் மணி) வெப்பம் வேண்டும். நன்றாகக் காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 4 யூனிட் தரும். வீட்டில் செய்த அடுப்பில் அதில் பாதிக்கும் குறைவாகவே தண்ணீரைச் சேரும். ஆகவே ஏறக்குறைய 20 கிலோ, மூன்று முதல் நாலு மணி நேரம். ஈர விறகென்றால் இந்தக் கணக்கே பொய்த்துவிடும். 15 செ.மீ. விட்டத்தில் இரண்டரை மீட்டருக்குக் குறையாத புகைபோக்கி இருந்தால்தான் தீ நன்றாக இழுக்கும். சூடேறும் நேரம் முழுவதும் 5 செ.மீ. தடித்த நுரைப்பலகை மூடி தொட்டிமேல் இருக்கட்டும். வெப்பம் பெரும்பாலும் மேற்பரப்பிலிருந்துதான் ஆவியாகப் போகிறது.

36 டிகிரி வந்ததும் விறகு போடுவதை நிறுத்திவிடுங்கள். தணலாக மிஞ்சியிருப்பதே மீதி 3, 4 டிகிரியை ஏற்றிவிடும். 40-க்கு மேல் போனால் பச்சைத் தண்ணீர் கலக்காமல் இறங்கக் கூடாது.

மலிவாகக் கிடைக்கும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தொட்டி போதாதா?

செப்புச் சுருளோடு அது ஒத்துப்போகாது. செம்பிலிருந்து கரைந்து வருவது துத்தநாகப் பூச்சை அரித்துப் புள்ளி புள்ளியாக ஓட்டை போடும். எவர்சில்வர் தொட்டிதான் என் முதல் தேர்வு. மரத்தொட்டி அழகு, தேக்கு, தேவதாரு இரண்டும் தாங்கும். புதிதில் சில நாள் இடுக்கெல்லாம் ஒழுகும், மரம் ஊறி உப்பியதும் தானே நிற்கும். காயவிட்டால் மறுபடி ஒழுகும்.

அடுப்புக்கும் ஜி.ஐ. தகரம் வேண்டாம். தீயில் துத்தநாகப் புகை கிளம்பி, சுவாசித்தவருக்குக் காய்ச்சல் வரும். எண்ணெய் இருந்த பழைய பீப்பாயைக் கழுவாமல் வெட்டினால் உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும்.

தண்ணீரை எத்தனை நாள் வைத்திருக்கலாம்? குழந்தைகள் இறங்கலாமா?

வடிகட்டி இல்லாத தொட்டியென்றால் அன்றன்றே வடித்து, உள்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். வெதுவெதுப்பான நீரில் கிருமி வேகமாகப் பெருகி, தோலில் சிவந்த கொப்புளம் முதல் நுரையீரல் தொற்று வரை கொண்டுவரும். தொடர்ந்து வைத்திருக்க விரும்பினால் வடிகட்டியோடு, குளோரின் 3 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 3 பங்கு) குறையாமலும் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 7.0 முதல் 7.8-க்குள்ளும் இருக்க வேண்டும். பி.எச். தாழ்ந்தால் செம்பு கரைந்து தண்ணீர் பச்சையாகும்.

ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை இறக்க வேண்டாம். கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் மருத்துவரைக் கேட்டுவிட்டு இறங்குவது நல்லது. மது அருந்தியவர் இறங்கவே கூடாது. மற்றவர்களுக்கும் ஒரு தடவைக்கு 15 நிமிடம் போதும்.

போன வருடம் மூன்று மணி நேரத்தில் சூடான தொட்டி இப்போது ஐந்து மணி நேரம் எடுக்கிறது. ஏன்?

சுருளில் கரி படிந்திருக்கிறது. குளிர்ந்த செம்பில் புகை பட்டதும் அதிலுள்ள பிசின் அங்கேயே ஒட்டிக்கொண்டு, வெப்பத்தைத் தடுக்கும் போர்வையாகிவிடும். அடுப்பு ஆறியதும் கம்பித் தூரிகையால் ஒவ்வொரு சுற்றாகத் தேய்த்துச் செப்பு நிறம் தெரிய எடுங்கள். புகைபோக்கியையும் சேர்த்தே சுத்தம் செய்யுங்கள். வெளியே சுத்தமாக இருந்தும் தாமதமானால் உள்ளே உப்புப் படிந்திருக்கும். இரண்டு இணைப்புகளையும் கழற்றி, சுருளில் வினிகரை நிரப்பி ஒரு இரவு ஊறவிட்டு, மறுநாள் அலசி மாட்டுங்கள்.