பத்து நாள் விரதம், பத்து மயில் பீலி: எதைக் கொண்டு மாட்டுவது?

கேள்வி: வணக்கம் அக்கா. தைப்பூசக் காவடிக்குக் கொடியேறும் நாள் முதல் பத்து நாள் விரதத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட, ஃபெல்ட் துணியில் ஒரு மயில் செய்கிறேன். மயிலின் உடல் பின்துணியில் தைத்தே இருக்கும். தினமும் பூசை முடிந்ததும் பிள்ளைகள் ஒரு பீலியை மாட்ட வேண்டும். பத்தாம் நாள் தோகை முழுதாக விரியும். அடுத்த வருஷம் கழற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து. பிரஸ் பட்டனா, வெல்க்ரோவா, காந்தமா? பெரியவளுக்கு எட்டு வயது, சின்னவனுக்கு நாலு.
(மொரீஷியஸ், ரோஸ் ஹில் வாசகி)

வணக்கம் தங்கச்சி. தைக்கிற வெல்க்ரோ வாங்குங்கள். பட்டன் ஏன் சரிப்படாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானும் பட்டனில்தான் தொடங்கினேன்.

உங்கள் பீலிகள் விசிறி போல விரிய வேண்டும். நடுவில் நிற்கும் பீலிக்குப் பிரச்சினை இல்லை. இரண்டு ஓரத்திலும் படுத்தபடி நீளும் பீலிகளை யோசித்துப் பாருங்கள். அடியில் ஒரே ஒரு பட்டனால் மாட்டினால் அந்தப் பட்டன் அச்சாணி ஆகிவிடும். பீலி கடிகார முள் மாதிரிச் சுழன்று ஆறு மணியில் போய்த் தொங்கும். ஊக்குக்கும் கொக்கிக்கும் இதே கதைதான். லிப்ரெரியில், அதாவது புத்தக, எழுதுபொருள் கடையில், ‘அத்தாஷ் பாரிசியென்’ என்று கேட்டு வாங்குகிறோமே, இரண்டு கால் விரியும் பித்தளைக் குமிழ், அது சுழல்வதற்கென்றே பிறந்தது. காகிதப் பொம்மையின் கைகாலுக்கு அருமையான சாமான், உங்கள் மயிலுக்கு ஆகாது.

பீலி சுழலாமல் இருக்க இரண்டு இடத்தில் பிடிக்கணும், இல்லையென்றால் அகலமாகப் பிடிக்கணும். பீலிக்கு இரண்டு பிரஸ் பட்டன் வைக்கலாம்தான். அப்படியானால் இருபது ஜோடி, அத்தனையும் நேருக்கு நேர் பொருந்தும்படி தைக்க வேண்டும். துணி தொங்கிக்கொண்டிருக்கும்போது பின்னால் கை கொடுக்காமல் பட்டனை அமுக்கவும் முடியாது. நாலு வயதுக்காரன் பூசை அறையில் அழுவான்.

வெல்க்ரோ என்ற பெயரே நம் ஊர்க்காரர்களுக்கு எளிதில் புரியும்: பிரெஞ்சில் ‘வெலூர்’ என்ற மென்துணியும் ‘க்ரோஷே’ என்ற கொக்கியும் சேர்ந்தது. ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் என்ற ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் 1941-இல் நாயோடு நடந்துவிட்டு வந்தபோது, அதன் மயிரிலும் தன் உடையிலும் ஒட்டியிருந்த முள்காய்களை உருப்பெருக்கியில் பார்த்தாராம். நம் பாட்டிமார் நாயுருவியைச் சேலையிலிருந்து பிய்த்துப் போட்டார்கள். அவர் அதைத் தொழிலாக்கிவிட்டார்.

அந்தக் கொக்கிகளுக்கு ஒரு குணம் உண்டு. பக்கவாட்டில் இழுத்தால் எல்லாக் கொக்கியும் சேர்ந்து தாங்கும். ஓரத்தைத் தூக்கி உரித்தால் ஒரு நேரத்தில் ஒரு வரிசைக் கொக்கிதான் எதிர்க்கும், சுலபமாக வந்துவிடும். உங்களுக்கு வேண்டியதும் இதுதான்: பீலியின் எடையைத் தாங்கணும், பிள்ளை உரித்தால் வரணும். பிடி போதவில்லை என்றால் உரிக்கும் திசைக்குக் குறுக்காகப் பட்டையை அகலமாக்குங்கள். உரிக்கும் திசையிலேயே நீட்டினால் பெரிதாக ஒன்றும் கூடாது.

அளவு சொல்கிறேன். பீலியின் அடியில், மயிலின் உடலுக்குப் பக்கத்தில், 2 சென்டிமீட்டர் அகலப் பட்டையில் 3 சென்டிமீட்டர் துண்டு. நுனிக்கண்ணுக்குப் பின்னால் 1 சென்டிமீட்டர் சதுரம் ஒன்று. இரண்டு இடத்தில் பிடித்தாயிற்று, சுழலாது. இதைவிடப் பெரிதாக வைக்கத் தோன்றும், வைக்காதீர்கள். பிடி அதிகமானால் பிள்ளை இழுக்கும்போது வெல்க்ரோ விடாது, ஃபெல்ட்தான் நீளும், கிழியும். பீலியை இரண்டு மடிப்பு ஃபெல்ட்டில் செய்யுங்கள்.

சொரசொரப்பான கொக்கிப் பக்கம் பீலிக்கு, மெத்தென்ற பக்கம் பின்துணிக்கு. மாற்றித் தைத்தால் முதல் நாளில் மயிலைச் சுற்றி வெறும் கொக்கிச் சதுரங்கள் விழித்துக்கொண்டு நிற்கும், வீட்டுத் தூசியெல்லாம் அதில்தான் வந்து சேரும். ஃபெல்ட்டே கொக்கியைப் பிடிக்குமே, மெத்தைப் பட்டை எதற்கு என்று கேட்கலாம். பிடிக்கும். ஒரு தடவை மட்டும் மாட்டும் அலங்காரம் என்றால் அதுவே போதும். வருஷா வருஷம் என்றால் பஞ்சு எழும்பிப் போய்விடும், அதனால் பின்துணியின் நிறத்திலேயே மெத்தைப் பட்டை வைத்துவிடுங்கள். பட்டை, ஃபெல்ட், பாலியெஸ்டர் நூல் எல்லாவற்றையும் குவாட்ரெ போர்ன்ஸ் சந்தையில் துணிக்கடைகள் போடும் வியாழன், ஞாயிறுகளில் தேடிப் பாருங்கள்.

பின்பக்கம் பசை தடவிய வெல்க்ரோவைத் தொடவே வேண்டாம். அது கண்ணாடி, பிளாஸ்டிக் போன்ற வழவழப்பான பரப்புக்கானது. ஃபெல்ட்டின் பஞ்சை மட்டும்தான் பிடிக்கும். தைப்பூசம் நமக்கு ஜனவரி, பிப்ரவரி, அதாவது புழுக்கத்தின் உச்சம். சோம்பலில் நான் ஒரு வருஷம் அதை ஒட்டினேன். ஐந்தாம் நாள் காலையில் நாலு பீலி தரையில் கிடந்தது. சரி, மேலே ஒரு தையல் போடுவோம் என்று மெஷினில் வைத்தேன், ஊசி முழுக்கப் பசை, நூல் அறுந்துகொண்டே இருந்தது.

காந்தத்தைப் பற்றியும் கேட்டீர்கள். நாலு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் அந்தக் குட்டி நியோடிமியம் காந்தங்கள் கூடாது. இரண்டை விழுங்கிவிட்டால் குடலின் இரு மடிப்புகளுக்கு நடுவே ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துத் துளை போட்டுவிடும், அறுவை சிகிச்சை வரை போகும். துணிக்குள் வைத்துத் தைத்தாலும் தையல் பிரியும் நாள் ஒன்று வரும்.

சுவரில் மாட்டுவதற்கு: பின்துணியின் மேல்விளிம்பை மடித்துத் தைத்து அதற்குள் ஒரு மூங்கில் குச்சி, குச்சிக்கு ஒரு கயிறு. ஏற்கனவே இருக்கும் ஆணியிலோ திரைச்சீலைக் கம்பியிலோ கட்டிவிடுங்கள். ஒட்டுக் கொக்கிதான் வேண்டும் என்றால், சுவரை ஸ்பிரிட்டால் துடைத்து, காய்ந்த பிறகு ஒட்டி, 30 வினாடி அழுத்திப் பிடித்து, ஒரு மணி நேரம் கழித்துத்தான் எடை ஏற்ற வேண்டும். கழற்றும்போது ஒட்டுப் பட்டையின் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் வாலைச் சுவரோடு ஒட்டினாற்போல் நேராகக் கீழே மெதுவாக இழுங்கள்; முன்னால் இழுத்தால் பெயிண்டும் கூடவே வரும். விளக்குக்கும் கற்பூரத்துக்கும் மேலே மட்டும் மாட்டாதீர்கள். கடையில் கிடைக்கும் மலிவு ஃபெல்ட் பெரும்பாலும் செயற்கை இழை, தீயில் உருகிச் சொட்டும்.

காவடி முடிந்ததும் பீலிகளைத் தனியாகப் பையில் போட்டால் கொக்கிகள் ஒன்றின் ஃபெல்ட்டை இன்னொன்று பிறாண்டிவிடும். பத்தையும் மயிலிலேயே மாட்டி, மேலே ஒரு பழைய பருத்தித் துணி விரித்து, குச்சியோடு சேர்த்துச் சுருட்டி வையுங்கள். அடுத்த கொடியேற்றத்துக்கு முந்தின நாள் இரவு, பிள்ளைகள் தூங்கிய பிறகு, கழற்றிக்கொள்ளலாம்.