மங்குக்குக் களிம்பு பூசும்போது சன்ஸ்கிரீனும் அவசியமா?

கன்னத்து மங்குக்கு இரவில் ஹைட்ரோகுயினோன் களிம்பு பூசுவதாகவும், பகலில் வீட்டுக்குள்ளேயே இருப்பதால் சன்ஸ்கிரீன் எதற்கு என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

கட்டாயம் வேண்டும். களிம்பு, தோலுக்கு நிறம் தரும் மெலனினின் உற்பத்தியைக் குறைக்கிறது. வெயிலோ மெலனினை உண்டாக்கும் செல்களை மறுபடி தூண்டிவிடுகிறது. சன்ஸ்கிரீன் இல்லாத சிகிச்சை ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதுதான். வீடும் முழுப் பாதுகாப்பு அல்ல. வெயிலில் உள்ள யுவிஏ என்ற புற ஊதாக் கதிர்கள் ஜன்னல் கண்ணாடியைக் கடந்து வரும்.

பலர் கவனிக்காத ஒன்று: மாநிறத் தோலிலும் கறுப்புத் தோலிலும் கண்ணுக்குத் தெரியும் ஒளியே, குறிப்பாக நீல ஒளி, நிறத்தைக் கூட்டும். சாதாரண சன்ஸ்கிரீன் அதை அவ்வளவாகத் தடுப்பதில்லை. அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயல் கொண்ட வகை தடுக்கும். எஸ்பிஎஃப் (வெயில் பாதுகாப்பு அளவைக் காட்டும் எண்) குறைந்தது 30 இருக்கட்டும். அதற்கு மேல் எண்ணைத் துரத்துவதைவிட அயர்ன் ஆக்சைடு இருக்கிறதா என்று பார்ப்பதே முக்கியம் என்பேன்.

முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் தாராளமாகப் பூசுங்கள். வெளியில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மீண்டும்.

ஹைட்ரோகுயினோனை மட்டும் மருத்துவர் சொன்ன காலத்துக்கு மேல் தொடராதீர்கள். நெடுநாள் பூசினால் தோல் நீலக்கருமையாக மாறிவிடக்கூடும். மங்கு மங்கிய பிறகும் சன்ஸ்கிரீன் தொடரட்டும்.