குடல் அழற்சி: தட்டில் எதை வைக்கலாம்?

அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் (பெருங்குடலின் உட்சுவரில் அழற்சியும் புண்ணும்), க்ரோன்ஸ் நோய் (சிறுகுடல் உட்பட எங்கும் வரக்கூடிய அழற்சி) பற்றி வந்த கடிதங்களில் சாப்பாட்டைக் கண்டாலே பயப்படுகிறவர்கள்தான் அதிகம். முதல் கேள்வியும் அப்படித்தான்.

கேள்வி: எனக்கு அல்சரேட்டிவ் கோலைட்டிஸ். மாத்திரையில் ரத்தப்போக்கு நின்று நான்கு மாதம் ஆகிறது. இன்னும் கஞ்சியும் தயிர் சாதமும்தான். எடை ஏழு கிலோ குறைந்துவிட்டது.

பதில்: கஞ்சிக் காலம் முடிந்துவிட்டது. நோய் கிளம்பியிருக்கும்போது குழைந்த சாதம், இட்லி, இடியாப்பம் சரி. அடங்கிய பிறகும் அதிலேயே நின்றால் புரதமும் இரும்பும் குறைந்து உடம்பு கரையும். பெருங்குடலின் உட்சுவர் செல்களுக்கு முக்கிய எரிபொருள் பியூட்ரேட் என்ற கொழுப்பு அமிலம். அதைக் குடல் பாக்டீரியாக்கள் நார்ச்சத்திலிருந்துதான் தயாரிக்கின்றன. முதலில் முட்டை, மீன், பாசிப்பருப்பு சேருங்கள். அப்புறம் தோல் சீவி நன்றாக வேகவைத்த சுரைக்காய், பீர்க்கங்காய், கேரட். மூன்று நாளுக்கு ஒரு புதுப் பொருள் போதும். ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். ஒருநாள் வயிறு கலங்கியது என்று எதையும் ஆயுளுக்கும் ஒதுக்கிவிடாதீர்கள், இன்னொரு முறை சாப்பிட்டுப் பாருங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுவது), வைட்டமின் டி மூன்றையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 12 வயது மகனுக்கு க்ரோன்ஸ். எட்டு வாரம் சாப்பாடே கூடாது, சத்துக் கரைசல் மட்டும் என்கிறார் டாக்டர். பிள்ளையைப் பட்டினி போடுவதுபோல் மனசு அடித்துக்கொள்கிறது.

பதில்: பட்டினி இல்லை அம்மா. அவனுக்கு வேண்டிய கலோரி, புரதம், வைட்டமின் எல்லாமே அந்தக் கரைசலில் இருக்கின்றன. குழந்தைகளின் க்ரோன்ஸை அடக்குவதில் இது அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு மருந்துக்குக் குறைந்ததல்ல. ஸ்டீராய்டு வளர்ச்சியைத் தடுக்கும். இதில் பிள்ளை எடை போடுவான், குடல் புண்ணும் நன்றாக ஆறும். முதல் வாரம்தான் கஷ்டம். ஃபிரிட்ஜில் குளிரவைத்து, மூடி போட்ட கப்பில் ஸ்ட்ராவோடு கொடுங்கள். தாளிப்பதை அவன் பள்ளிக்குப் போன நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாசனைதான் பிள்ளைகளை அதிகம் வாட்டும். கடையில் விற்கும் சாதாரண சத்து மாவு இதற்கு ஈடாகாது. அவனால் முடியவே இல்லையென்றால் பாதி கரைசல், பாதி தேர்ந்தெடுத்த உணவு என்று ஒரு முறை இருக்கிறது. 2019இல் வெளியான ஓர் ஆய்வில் குழந்தைகள் அதை இன்னும் எளிதாகத் தாங்கினார்கள். டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஸ்கேனில் சிறுகுடல் சுருங்கியிருக்கிறதாம். கீரை நல்லதுதானே?

பதில்: குடல் சுருங்கியிருப்பதால் உங்களுக்கு இப்போது நார்ச் சக்கைதான் எதிரி. வாழைத்தண்டு, முருங்கைக்காய், சோளம், வேர்க்கடலை, ஆரஞ்சுச் சுளையின் தோல் எல்லாம் அடைத்துக்கொள்ளலாம். கீரையைத் தண்டு நீக்கி மசித்துக் கொஞ்சமாக, அதுவும் டாக்டர் சரி என்றால் மட்டும். வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றும் பிரியவில்லையா? உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: மஞ்சள் சாப்பிட்டு, கோலைட்டிஸுக்குத் தந்த மெசலமைன் மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: வேண்டாம். 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில் மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் பலன் தந்தது உண்மை. ஆனால் மெசலமைனோடு சேர்த்து, தினம் 3 கிராம். சமையல் மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம்தான். அந்த அளவுக்குத் தினமும் 100 கிராம் தூள் தின்ன வேண்டும்! குழம்பில் வழக்கம்போல் போடுங்கள். மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பக் கிளம்பும்.

கேள்வி: பால்?

பதில்: குடித்தால் உப்புசமோ பேதியோ வந்தால் மட்டும் நிறுத்துங்கள். தயிரும் மோரும் பலருக்கு ஒத்துக்கொள்ளும். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குக் கால்சியம் கட்டாயம் வேண்டும், காரணமில்லாமல் பாலை விடாதீர்கள்.