தம்பி மாத்திரையை நிறுத்திவிட்டான், டாக்டரிடம் வர மறுக்கிறான்: என்ன செய்யலாம்?

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. யாரோ தன்னைத் திட்டுகிற குரல் கேட்கிறது என்பான். இரண்டு வருடம் முன்பு மாவட்ட அரசு மருத்துவமனையில் காட்டினோம், மாத்திரையில் நன்றாகி வேலைக்கும் போனான். போய்வர ஒரு நாள் கூலி போகிறது, போனால் மாத்திரை ஸ்டாக் இல்லை, டாக்டரும் மாறிவிட்டார். இப்போது நான்கு மாதமாக மருந்தே இல்லை, பழையபடி ஆகிவிட்டான். அம்மா தர்காவுக்குக் கூட்டிப் போகலாம் என்கிறார், மாமா ஒரு தனியார் இல்லத்தில் விட்டுவிடலாம் என்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: முதலில், வீட்டில் யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டாம். மருந்தில் தேறி வேலைக்குப் போன பையன் திரும்பப் படுத்துவிட்டான் என்றால், நான்கு மாதமாக ஏன் வரவில்லை என்று மருத்துவமனையிலிருந்து ஒருவர்கூட விசாரிக்கவில்லை என்று அர்த்தம். நான் பார்த்த குடும்பங்களில் பாதிக்கு மேல் இதே கதைதான். நம் மனநல சிகிச்சை ஓ.பி. சீட்டோடு முடிந்துவிடுகிறது.

இன்றே செய்யக்கூடியது: 14416-க்கு போன் செய்யுங்கள். அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது, தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை, நோயாளிதான் பேச வேண்டும் என்றும் இல்லை. அப்புறம் பழைய சீட்டு, மாத்திரை அட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தம்பி இல்லாமலே மனநல மருத்துவரை ஒருமுறை பாருங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் உங்கள் தாலுகா மருத்துவமனைக்கு எந்தக் கிழமை வருகிறார் என்று விசாரித்துக்கொண்டு போனால் ஒரு நாள் கூலி மிச்சம். மீதி இருக்கும் பழைய மாத்திரையை நீங்களாகவே அதே அளவில் திரும்பத் தொடங்காதீர்கள், இத்தனை மாத இடைவெளிக்குப் பிறகு அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சாம்பாரில் பொடித்துப் போடுவதும் வேண்டாம். ஒரு நாள் கசப்பு தெரிந்து கண்டுபிடித்துவிட்டால் அதன் பிறகு உங்கள் கையால் சாப்பாடுகூட வாங்க மாட்டான், குரல் சொல்வது உண்மைதான் என்றே நினைப்பான்.

ஏன் வேண்டாம் என்கிறாய் என்று அவனிடமே கேளுங்கள். கை நடுக்கம், நாள் முழுக்கத் தூக்கம், தாடை இறுகுவது, உடம்பு பெருப்பது என்று ஏதாவது ஒன்று வரும். இதைச் சொன்னால் மருந்தை மாற்றித் தருவார்கள். தினமும் மாத்திரை போட மனமில்லை என்றால், இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஊசி இவனுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள்.

அம்மாவோடு தர்கா விஷயத்தில் சண்டை போடாதீர்கள். போய் வேண்டிக்கொள்ளட்டும், மருந்து கூடவே போகட்டும். ஏர்வாடி தர்காவுக்குப் பக்கத்தில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை ஒரு காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள், சங்கிலியால் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. இன்றுள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 95-ஆவது பிரிவு, எந்த வகையிலும் சங்கிலி போடக் கூடாது என்கிறது. மாமா சொல்லும் இல்லத்துக்கும் இதுதான் அளவுகோல். மாநில மனநல ஆணையத்தில் பதிவு உண்டா, மனநல மருத்துவர் உண்மையில் வருகிறாரா, நீங்கள் போய்ப் பார்க்கவும் அவன் போனில் பேசவும் விடுவார்களா? ஒன்றுக்கு மழுப்பினாலும் தம்பியை அங்கே விடாதீர்கள்.

தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் நிலை வந்தால் யோசிக்காமல் 108. அவசரத்தில் மனநல மருத்துவர்தான் வேண்டும் என்றில்லை, பதிவு பெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம் வரை அவசர சிகிச்சை தரலாம். அவன் சம்மதிக்காத, ஆனால் சேர்த்தே ஆக வேண்டிய நிலையில், அதே சட்டத்தின் 89-ஆவது பிரிவின்படி உறவினரான நீங்கள் விண்ணப்பித்து, இருவர் (அதில் ஒருவர் மனநல மருத்துவர்) தனித்தனியே பரிசோதித்து ஒப்புக்கொண்டால் 30 நாள் வரை சேர்க்கலாம். கோர்ட்டுக்கு அலைய வேண்டியதில்லை.

ஸ்டாக் இல்லை என்பதை மட்டும் சும்மா விடாதீர்கள். மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-ஆவது பிரிவின்படி, அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகள் சமூக சுகாதார நிலையம் முதல் மேலே உள்ள எல்லா அரசு மருத்துவமனைகளிலும் எப்போதும் இலவசமாக இருக்க வேண்டும். மாவட்டத்தின் அரசு மருத்துவமனைகளில் அந்தச் சேவையே இல்லையென்றால், அதே மாவட்டத்தில் வேறு இடத்தில் பார்க்கும் செலவை அரசு ஏற்க வேண்டும். இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, எந்தத் தேதியில் எந்த மருந்து இல்லை என்று எழுதி, மருத்துவமனைக் கண்காணிப்பாளருக்கு ஒரு மனு, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டருக்கு ஒரு மனு, இரண்டுக்கும் ரசீது வாங்குங்கள். முதல்வரின் உதவி எண் 1100-லும் பதியலாம்.

சட்டம் இவ்வளவு நன்றாக இருந்தும் உங்களை ஏன் இப்படி அலைய விடுகிறார்கள் என்று கேட்பீர்கள். 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பிலேயே தெரிந்ததுதான், சிகிச்சை தேவைப்படும் பத்துப் பேரில் ஏழு பேருக்கு மேல் அது கிடைக்கவில்லை. ஒன்றிய சுகாதார பட்ஜெட்டில் மனநலத்துக்குப் போவது சுமார் 1 சதவீதம், அதிலும் பெரும்பங்கு பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற பெரிய நிறுவனங்களுக்கு. அவை வேண்டும்தான். ஆனால் உங்கள் தம்பிக்கு வேண்டியது பெங்களூரு இல்லை, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவனுடைய மாத்திரையும், மருந்து வாங்க வராத மாதம் வீட்டுக்கு வந்து கேட்கிற ஒரு செவிலியரும். இது நம்மால் முடியாத காரியமும் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் பிபிக்கும் சர்க்கரைக்கும் வீட்டு வாசலில் மாத்திரை கொடுக்கிறது. அதே பணியாளர்கள், அதே தெரு. மனநல மருந்தும், வராதவர்களின் பெயர்ப் பட்டியலும் அவர்கள் கைக்கு முறையாகப் போக வேண்டும், அதற்குப் பயிற்சியும் சம்பளமும் கொடுக்க வேண்டும். புதுக் கட்டடங்களைவிட முதலில் செய்ய வேண்டிய சீர்திருத்தம் இதுதான் என்று அழுத்தமாகச் சொல்வேன்.

கலெக்டரிடம் கொடுக்கும் மனுவில் இதையும் ஒரு வரி சேருங்கள்: உங்கள் பகுதி மக்களைத் தேடி மருத்துவப் பணியாளர் மூலம் தம்பியின் மருந்தை வீட்டிலேயே தர ஏற்பாடு வேண்டும் என்று. மனுவின் நகலையும் ரசீதையும் தம்பியின் சீட்டோடு ஒரே கவரில் வைத்து, அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது கையோடு கொண்டு போங்கள்.