வாசகர் கேள்விகள்: காது கேளாத நடிகரும் திரைப்படமும்

கேள்வி: காது கேளாத நடிகை மார்லி மேட்லின் 1987-லேயே ஆஸ்கர் வாங்கிவிட்டார். அடுத்தவர் வாங்க ஏன் 35 ஆண்டுகள் ஆயின?
– வாசகி, திருச்சி

மேட்லினுக்கு அப்போது வயது 21. சிறந்த நடிகை விருதை அவரைவிட இளையவர் இன்றுவரை யாரும் வாங்கவில்லை. திறமையில் குறையில்லை, வேடங்கள்தான் வரவில்லை. காது கேளாத பாத்திரத்துக்கும் காது கேட்கும் நடிகரைப் போட்டு, அவசரமாகச் சைகை பழக்கிவிடுவது ஹாலிவுட்டில் வெகுகாலம் நடந்தது. காது கேளாத குடும்பத்தின் கதையான ‘கோடா’ படத்தில் தாயாக நடித்தவர் மேட்லின். அதன் தந்தை வேடத்துக்கும் பணம் போடுபவர்கள் கேட்டது காது கேட்கும் பிரபல நடிகரைத்தான். அப்படியானால் நான் விலகிக்கொள்கிறேன் என்று மேட்லின் உறுதியாக நின்றார். காது கேளாத நடிகர் டிராய் கோட்சர் நடித்தார். 2022-ல் அவருக்குச் சிறந்த துணை நடிகர் விருதும், படத்துக்குச் சிறந்த பட விருதும் கிடைத்தன. விருதை வழங்கிய கொரிய நடிகை யூன் யோ-ஜங், கோட்சர் இரு கைகளாலும் பேசி முடிக்கும்வரை சிலையைத் தானே பிடித்துக்கொண்டிருந்தார். அந்த முன்யோசனை படப்பிடிப்புத் தளத்திலும் வேண்டும்.

கேள்வி: எங்கள் குறும்படத்தில் காது கேளாத நடிகை நடிக்கிறார். என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?
– வாசகர், மதுரை

முதலில் சைகை மொழி ஆலோசகர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவரும் காது கேளாதவராக இருப்பது நல்லது. மொழிபெயர்ப்பாளர் வேறு, ஆலோசகர் வேறு. ஒரே ஆளிடம் இரண்டையும் சுமத்தாதீர்கள். வசனத்தைச் சைகைக்கு மாற்றும் வேலை ஒத்திகைக்கு முன்பே முடிய வேண்டும். ஊருக்கு ஊர் சைகை மாறுவதால், ஒரே குடும்பமாக நடிப்பவர்களுக்கு ஒரே வழக்கைப் பழக்குங்கள்.

நாள் முழுக்கப் படப்பிடிப்பு என்றால் மொழிபெயர்ப்பாளர்கள் இருவர் வேண்டும். 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்ளாவிட்டால் களைப்பில் பிழை வரும். மொழிபெயர்ப்பாளர் நிற்க வேண்டிய இடம் கேமராவுக்கு அருகில், நடிகையின் பார்வை படும் இடம். ‘ஆக்‌ஷன்’ என்று கத்திப் பயனில்லை. கையசைப்பா, சிறு விளக்கா, எதிரே நடிப்பவரின் ஓர் அசைவா என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள். சண்டைக் காட்சி, தீ, வாகனம் இருந்தால் ‘நிறுத்து’ என்பதற்கும் கண்ணில் படும் குறி கட்டாயம்.

ஃப்ரேம் இடுப்பிலிருந்து தலைக்குச் சற்று மேல் வரை இருக்கட்டும். இரு பக்கமும் முழங்கை விரிய இடம் விடுங்கள். குளோசப் வைத்தால் கை வெட்டுப்படும், வசனமே போய்விடும். சைகை மொழியில் புருவமும் வாயும் இலக்கணம் என்பதால் முகத்தில் நிழல் விழக்கூடாது. உடை தோல் நிறத்திலிருந்து வேறுபட்ட ஒற்றை நிறமாக இருக்கட்டும். கட்டம் போட்ட சட்டையும் குலுங்கும் வளையலும் கண்ணைக் குழப்பும். கையில் காபி டம்ளர் கொடுத்தால் அவர் ஒரு கையால்தான் பேச முடியும். காட்சிக்கு அது தேவையா என்று பாருங்கள்.

அதிகம் கெடுவது எடிட்டிங்கில்தான். மொழி தெரியாத எடிட்டர், பேச்சு ஓடும்போதே கேட்பவர் முகத்துக்குத் தாவிவிடுவார். பார்வையாளருக்கு அது பாதி வாக்கியம். எடிட்டிங் அறையிலும் ஆலோசகர் உட்கார வேண்டும். அவருடைய சம்பளத்தை முதல் பட்ஜெட்டிலேயே எழுதிவிடுங்கள்.

கேள்வி: காது கேளாதவர் காது கேளாத வேடத்தில்தான் நடிக்க முடியுமா?
– வாசகி, கோவை

இல்லை. ‘நாடோடிகள்’ (2009) படத்தில் அபிநயா பேசும் பெண்ணாகவே நடித்தார்; குரல் வேறொருவருடையது. வாயசைவு அத்தனை துல்லியம்.

கேள்வி: சப்டைட்டில் போட்டால் போதாதா?
– வாசகர், சேலம்

போதாது. சப்டைட்டில் வசனத்தை மட்டும் தரும். கேப்ஷனில் பேசுபவர் யார், கதவு தட்டும் ஓசை, இசை மாறுவது எல்லாம் வர வேண்டும். ஒரு சமயத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். சைகை செய்யும் கையை எழுத்து மறைத்தால் மேலே ஏற்றுங்கள்.

மேட்லின் இதற்காக அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் பேசியவர். அங்கே 1990-ல் வந்த சட்டத்தால், 1993 ஜூலை முதல் 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள டிவிகளில் கேப்ஷனைத் திரையில் காட்டும் டிகோடர் கட்டாயமானது. 2023-ல் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் அவர் நடுவர். அவருக்குக் கொடுத்த கேப்ஷன் கருவி வேலை செய்யாததால், சக நடுவர்களும் அவரோடு அரங்கைவிட்டு வெளியேறினார்கள். கருவி என்றால் சார்ஜ் தீரும், சர்வரோடு இணைப்பு அறும், காட்சியோடு எழுத்து பிசகும். எழுத்தைத் திரையிலேயே போட்டுவிட்டால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. ‘கோடா’ திரையரங்குகளில் அப்படித்தான் ஓடியது. உங்கள் குறும்படத்தின் எல்லாப் பிரதியிலும் கேப்ஷனைப் பதித்தே கொடுங்கள்.