பழைய ஆடியோ வால்வுகளில் அசல் எது, போலி எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி இதுதான்: ஆம்ப்ளிஃபையரில் போடப் பழைய வால்வு (ஒலி சிக்னலைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்) வாங்க ஆசை, முல்லார்ட், டெலிஃபங்கன் என்று பழைய ஐரோப்பியக் கம்பெனிகளின் பெயர் போட்டு ஆளாளுக்கு விற்கிறார்கள், நம்பி வாங்கலாமா, எதிலிருந்து ஆரம்பிப்பது?

நான் முதலில் ஏமாந்ததையே சொல்லிவிடுகிறேன். அழகான பழைய அட்டைப்பெட்டி, உள்ளே டெலிஃபங்கன் என்று பளிச்சென்று அச்சடித்த, இசிசி83 என்ற வகைச் சின்ன வால்வு ஒன்று. பெட்டியையும் எழுத்தையும் பார்த்து மயங்கிக் காசைக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால், ஒன்பது கால்களுக்கு நடுவே கண்ணாடி வெறுமையாக இருந்தது. டெலிஃபங்கன் தன் சொந்த ஆலையில் செய்த இந்த வகைச் சின்ன வால்வுகளில் அந்த இடத்தில் ஒரு சிறிய வைர வடிவம் கண்ணாடியிலேயே அச்சு வார்த்திருக்கும். மை இல்லை, வார்ப்பு, அதனால் துடைத்தாலும் போகாது, பின்னால் யாரும் சேர்ப்பதும் சுலபமில்லை. எனக்குக் கிடைத்தது வேறு யாரோ செய்ததற்கு அந்தப் பெயரைப் போட்டது. விற்றவருக்கே தெரிந்திருந்ததா என்பது வேறு கதை.

அன்றிலிருந்து பெட்டிக்கும் பெயருக்கும் நான் மதிப்பே கொடுப்பதில்லை. அந்தக் காலத்திலேயே கம்பெனிகள் ஒருவருக்கொருவர் சரக்கு வாங்கித் தங்கள் பெயரைப் போட்டு விற்றிருக்கிறார்கள். இங்கிலாந்தில் பிளாக்பர்ன் ஊரில் இருந்த முல்லார்ட் ஆலையில் செய்த வால்வு ஆம்பெரெக்ஸ் பெயரிலும் ஆர்சிஏ பெயரிலும் கிடைக்கும். அது போலி இல்லை, சொல்லப்போனால் நமக்கு லாபம், பெயருக்காக விலை ஏறாமல் அதே வால்வு கிடைக்கிறது. இன்னொரு பக்கம், இன்று புதிதாகக் கிடைக்கும் முல்லார்ட், டங்சோல், ஜெனலெக்ஸ் கோல்ட் லயன் எல்லாம் பெயர் உரிமையை வாங்கி ரஷ்யாவின் சரதோவில் செய்பவை. வால்வில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் அதைப் பழைய சரக்கு என்று சொல்லி யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

சரி, கண்ணாடியில் என்ன பார்ப்பது? பிலிப்ஸ் குடும்பத்து வால்வுகளில் (முல்லார்டும் அதில்தான் சேர்த்தி) கண்ணாடியின் அடியோரத்தில் இரண்டு வரி, மங்கலான சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக எழுதியிருக்கும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க முடியும். மேல்வரி வால்வின் வகை, முல்லார்ட் இசிசி83-இல் ஐ61 அல்லது ஐ63 என்று இருக்கும். இஎல்34 என்றால் எக்ஸ்எஃப்1, எக்ஸ்எஃப்2 என்று போகும். கீழ்வரியில்தான் ஜாதகமே இருக்கிறது. பி2டி4 என்று இருந்தால், பி என்பது பிளாக்பர்ன், 2 என்பது ஆண்டின் கடைசி இலக்கம், டி நாலாவது மாதம், அதாவது ஏப்ரல், 4 நாலாவது வாரம். ஆலைக்கான இடத்தில் சின்ன முக்கோணம் இருந்தால் நெதர்லாந்தின் ஹேர்லன். ஆண்டு 1962-ஆ 1972-ஆ என்பதை இந்தக் குறியீடு சொல்லாது, உள்ளே இருக்கும் உலோக வேலைப்பாட்டையும் மற்ற அடையாளங்களையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அமெரிக்க வால்வுகளில் மூன்று இலக்க எண் ஒன்றைத் தேடுங்கள்: 274 ஆர்சிஏ, 188 ஜெனரல் எலெக்ட்ரிக், 312 சில்வேனியா, 322 டங்சோல். அச்சு அழிந்திருந்தால் ஒரு வழி இருக்கிறது. கண்ணாடியின் மேல் வாயால் மெதுவாக ஊதுங்கள், ஆவி படரும்போது போன எழுத்து சில நொடி நிழல் மாதிரி தெரிந்து மறையும். விரலால் மட்டும் துடைத்துவிடாதீர்கள், பழைய மை பவுடர் மாதிரி கையோடு வந்துவிடும். நான் ஒரு நல்ல வால்வின் பெயரை அப்படித்தான் அழித்தேன்.

எண்களில் குழம்ப வேண்டாம். 12ஏஎக்ஸ்7-உம் இசிசி83-உம் ஒன்றுதான், முன்னது அமெரிக்கப் பெயர், பின்னது ஐரோப்பியப் பெயர். 6பிக்யூ5 என்றால் இஎல்84, 5ஏஆர்4 என்றால் ஜிஇசட்34. ஐரோப்பியப் பெயரில் முதல் எழுத்து இ என்றால் ஹீட்டருக்கு (உள்ளே சூடேற்றும் இழை) 6.3 வோல்ட், சி என்றால் ட்ரையோடு (மூன்று மின்முனை கொண்ட அமைப்பு), இரண்டு சி இருந்தால் ஒரே கண்ணாடிக்குள் இரண்டு ட்ரையோடு. கிட்டத்தட்ட ஒன்று என்று சொல்லி விற்பவற்றில்தான் கவனம் வேண்டும். சோவியத் 6என்2பி-யின் குணம் 12ஏஎக்ஸ்7-ஐ ஒட்டியே இருக்கும், ஆனால் அதன் ஹீட்டர் இணைப்பு வேறு, அப்படியே மாற்றிச் செருகக் கூடாது.

நிலைமையை எப்படிப் பார்ப்பது என்றால், முதலில் உச்சியில் இருக்கும் வெள்ளிப்பூச்சு. அது மிச்சமிருக்கும் காற்றை உறிஞ்சுவதற்காக வைத்த பேரியம். பால் வெள்ளையாக மாறியிருந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது, வால்வு செத்துவிட்டது, பேரம் பேசவே வேண்டாம். ஓரங்கள் பழுப்பாகித் தேய்ந்து மெலிந்திருந்தால் நிறைய ஓடியது. பூச்சு நன்றாக இருப்பதால் மட்டும் வால்வு நல்லது என்றும் ஆகாது, சூடாக்கி அளந்தால்தான் தெரியும். அதனால் விற்பவரிடம் எந்த டெஸ்டர், புதிய வால்வுக்கு அதில் என்ன அளவு, இதற்கு என்ன வந்தது, இரண்டு பாதிக்கும் தனித்தனியாக எவ்வளவு என்று கேளுங்கள். ஹிக்காக் அல்லது ஏவிஓ கருவியில் எடுத்த எண்ணைச் சொல்பவரிடம் பேசலாம். ‘சூப்பரா இருக்கு’ என்று மட்டும் சொல்பவரிடம் நான் பேச்சை வளர்ப்பதில்லை. அப்புறம் ஆம்ப்ளிஃபையரில் போட்டபின் பென்சிலின் ரப்பர் முனையால் லேசாகத் தட்டிப் பாருங்கள், ஸ்பீக்கரில் டங் என்று மணி அடித்தால் ஃபோனோ பகுதிக்கு (இசைத்தட்டின் சிக்னலைப் பெருக்கும் இடம்) அது ஆகாது, வேறு இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

ஒளியைப் பார்த்துப் பயப்படுபவர்களும் உண்டு. பவர் வால்வின் (ஸ்பீக்கரை இயக்கும் வால்வு) கண்ணாடிச் சுவரில் ஒட்டியபடி நீலம் தெரிந்தால் அது இயல்பு. உள்ளே ப்ளேட்டுக்கும் (உலோகத் தகடு) கிரிட்டுக்கும் (கம்பிச் சுருள்) நடுவே ஊதாவாகவோ இளஞ்சிவப்பாகவோ புகை மாதிரி இருந்தால் வாயு, உடனே நிறுத்துங்கள். சில முல்லார்ட் சின்ன வால்வுகள் சுவிட்ச் போட்டதும் ஒரு கணம் பளீரென்று எரிந்து அடங்கும், முதல் தடவை எனக்கு நெஞ்சே நின்றுவிட்டது, ஆனால் அது அவற்றின் சுபாவம். மூடியைத் திறந்து வைத்துப் பார்க்கும்போது மட்டும் ஜாக்கிரதை, உள்ளே பல நூறு வோல்ட் ஓடும், அணைத்த பிறகும் கெப்பாசிட்டர்களில் தங்கும்.

ஆரம்பிப்பவர் இஎல்34 ஜோடியிலோ வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 300பி-யிலோ கை வைக்க வேண்டாம், போலியும் விலையும் அங்கேதான் அதிகம். 12ஏயு7, 12ஏடி7 மாதிரிச் சின்ன வால்வுகளைப் பெயரில்லாமல் மொத்தமாகக் கிடைக்கும் பெட்டியில் தேடுங்கள். எனக்குப் பிடித்த இசிசி83 அப்படி வந்ததுதான், அச்சடித்த பெயர் கொஞ்சமும் மிச்சமில்லை, அடியில் மட்டும் ஐ63, அதற்குக் கீழே பி-யில் ஆரம்பிக்கும் ஒரு வரி. இப்போது ஃபோனோவில் அதுதான் ஓடுகிறது. அந்த டெலிஃபங்கனையும் தூக்கி எறியவில்லை, பழுது பார்த்த ஆம்ப்ளிஃபையரை முதன்முதலில் ஆன் செய்யும்போது அதைத்தான் உள்ளே அனுப்புவேன், போனால் போகட்டும்.